புனைவுப் படமும் பொய்ப் படமும்

கம்ப்யூட்டரில் நாலு போட்டோவை ஒட்டி, உலகத்தில் இல்லாத ஒரு காட்சியை யாராவது செய்து காட்டினால் நம் வயதுக்காரர்கள் சட்டென்று ஒரு வார்த்தை சொல்வார்கள்: "பித்தலாட்டம்." அப்படிச் சொன்னவரே அன்று ராத்திரி "தீபாவளி அன்று விண்வெளியிலிருந்து இந்தியா" என்று ஒரு படத்தைப் பத்துக் குழுவுக்கு அனுப்புவார். இந்த வேடிக்கையைப் பற்றித்தான் இன்று கொஞ்சம் காரமாக எழுதப் போகிறேன். கோபம் வந்தால் கடைசி வரை படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெற்ற பிறகு கிம்ப் என்ற இலவச மென்பொருளைப் பழகிக்கொண்டேன். சமீபத்தில் அதில் ஒரு படம் செய்தேன். மேஜை மேல் பித்தளை டபரா செட். டம்ளருக்குள் காப்பிக்குப் பதிலாகக் கும்பகோணம் மகாமகக் குளம். கரையிலுள்ள 16 மண்டபங்களில் ஐந்தாறு, டம்ளரின் விளிம்பை ஒட்டி நிற்கின்றன. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் காப்பி நுரை. நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு, "எல்லாம் கம்ப்யூட்டர் பண்ணினது சார், இதில் உங்க கை வேலை என்ன இருக்கு?" என்றார்.

என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். டம்ளரைச் சாய்வாக மேலிருந்து எடுத்தால் அதன் வாய் முட்டை வடிவமாகத் தெரியும். குளத்தையும் அதே சாய்வில் எடுத்திருக்க வேண்டும். படித்துறையில் நின்று எடுத்த படம் உதவாது. கரையிலுள்ள ஒரு வீட்டு மொட்டை மாடிக்கு ஏறியாக வேண்டும். டம்ளரின் நிழல் வலப்பக்கம் விழுந்தால் மண்டபங்களின் நிழலும் வலப்பக்கம்தான் விழ வேண்டும். அதற்கேற்ற வெயில் வரும் நேரத்தில் போய் எடுக்க வேண்டும். பிறகுதான் கம்ப்யூட்டர். ஒரு படத்தின் மேல் இன்னொன்றைக் கண்ணாடித் தாள் போல லேயராக அடுக்க வேண்டும். மேல் படத்துக்கு ஒரு மாஸ்க். அதில் கறுப்பு பூசிய இடம் மறையும், வெள்ளை பூசிய இடம் தெரியும், சாம்பல் பூசினால் பாதி தெரியும். நீரும் பித்தளையும் சேரும் விளிம்பு முழுவதும் அந்தச் சாம்பல் பூச்சுதான். குளத்தின் பச்சையைக் குறைத்து, டம்ளரின் உட்புறத்து மஞ்சளை நீர் மேல் லேசாக ஏற்ற வேண்டும். கடைசியில் நிழல். நிழல் இல்லாவிட்டால் எதை ஒட்டினாலும் அந்தரத்தில் தொங்கும். இவ்வளவுக்கும் நாலு சாயங்காலம் பிடித்தது. கம்ப்யூட்டர் தானாக ஒன்றும் செய்யவில்லை. தூரிகையும் அதுபோல் தானாக வரைவதில்லை.

இது நேற்று முளைத்த விஷயம் என்று நினைப்பதும் சரியில்லை. ஃபோட்டோஷாப் வந்தது 1990-ல். இங்கிலாந்தில் ஆஸ்கார் ரெய்லாண்டர் 1857-லேயே முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே பெரிய படம் அச்சிட்டுவிட்டார். விக்டோரியா மகாராணியே அதில் ஒரு பிரதி வாங்கினார். அமெரிக்காவில் ஜெர்ரி உல்ஸ்மன், கம்ப்யூட்டரைத் தொடாமல், இருட்டறையில் பல என்லார்ஜர்களை வரிசையாக வைத்துக்கொண்டு வேரோடு ஆகாயத்தில் மிதக்கும் மரங்களை உண்டாக்கினார்.

அவ்வளவு தூரம் போவானேன்? 1957-ல் "மாயாபஜார்" பார்த்தோமே. கடோத்கஜனாக வந்த ரங்காராவின் வாய்க்குள் லட்டுகள் தாமாகப் பறந்து போயின. மார்கஸ் பார்ட்லியின் கேமரா வித்தை அது. யாராவது எழுந்து "மோசடி" என்று கத்தினோமா? தாராசுரம் கோயிலில் ஒரு சிற்பம் இருக்கிறது. ஒரு காளை, ஒரு யானை, இரண்டுக்கும் சேர்த்து ஒரே தலை. ஒன்றை மறைத்தால் மற்றது தெரியும். சோழர் காலத்துச் சிற்பி செய்த ஒட்டுவேலை. "இப்படி ஒரு மிருகமே கிடையாது, சிற்பி ஏமாற்றுகிறான்" என்று சொல்பவரைப் பார்த்து நாம் சிரிக்க மாட்டோமா?

பயப்பட வேண்டிய படம் வேறு வகை. நடக்க முடியாததைக் காட்டும் படத்தை யாரும் நம்பப் போவதில்லை. டம்ளருக்குள் குளத்தைப் பார்த்துவிட்டு யாரும் தீர்த்தமாடப் புறப்படுவதில்லை. நடந்திருக்கக் கூடியதைக் காட்டி, ஒட்டை மறைக்கிற படம்தான் ஆளை முழுங்கும். மாஸ்கோ கால்வாய்க் கரையில் ஸ்டாலின் பக்கத்தில் யெஷோவ் என்ற அதிகாரி நிற்கும் போட்டோ ஒன்று உண்டு. 1940-ல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே போட்டோவின் பிந்தைய அச்சில் அவர் நின்ற இடத்தில் கால்வாய்த் தண்ணீர்தான் இருக்கிறது. அங்கே மிதக்கும் மரமோ பறக்கும் லட்டோ கிடையாது. எல்லாம் இயற்கையாக இருக்கிறது. பித்தலாட்டம் என்றால் அதைச் சொல்லுங்கள்.

இப்போது அந்தத் தீபாவளிப் படம். அமெரிக்காவின் நோவா அமைப்பைச் சேர்ந்த கிறிஸ் எல்விட்ஜ் என்ற விஞ்ஞானி 2003-ல் செய்த ஒட்டுப்படம் அது. 1992, 1998, 2003 என்று எந்தெந்த ஆண்டில் எந்தெந்த ஊர் விளக்குகள் புதிதாகத் தெரிந்தன என்பதை நீலம், பச்சை, சிவப்பு நிறங்களில் காட்டினார். ஊர்களும் ஜனத்தொகையும் பெருகியதைக் காட்டும் வரைபடம். தீபாவளிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. உண்மையான தீபாவளி இரவுப் படத்தை நாசா 2012 நவம்பரில் வெளியிட்டது. கலர் கலராக அதில் ஒன்றுமே இல்லை; பண்டிகை விளக்குகளின் கூடுதல் வெளிச்சம் அவ்வளவு உயரத்திலிருந்து தெரியாத அளவுக்குச் சொற்பம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

கவனியுங்கள், எல்விட்ஜ் ஏமாற்றவில்லை. எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று சொல்லித்தான் கொடுத்தார். அந்தக் குறிப்பை வெட்டி எறிந்துவிட்டுத் தீபாவளி என்று பேர் வைத்தவர்தான் பொய்யர். விசாரிக்காமல் அனுப்புகிற நாம் அவருக்குக் கூலியில்லாத வேலைக்காரர்கள். ஒட்டியது குற்றமில்லை. ஒட்டியதை மறைத்ததுதான் குற்றம்.

இது நம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. கல்யாண ஆல்பத்தில் மணமக்களை ரோஜாப் பூவுக்குள்ளும் பிறை நிலா மேலும் உட்கார வைக்கிறார்கள். அதைப் பார்த்து முகம் சுளிக்கிறோம். ரசனை குறைவு என்று வேண்டுமானால் சொல்லுங்கள். பேரன் பேத்திகள் யாரும் தாத்தா பாட்டி நிலாவில் குடியிருந்ததாக நம்பப் போவதில்லை. அதே ஆல்பத்தில், ஐந்து வருடம் முன்பு காலமான அப்பாவை மணமேடையில் மகன் தோளில் கை வைத்து நிற்பது போல ஒட்டித் தருகிறார்கள். கண்ணீரோடு வாங்கிக்கொள்கிறோம்.

அதைச் செய்யாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனசு வராது. அந்த அம்மாவின் ஏக்கத்துக்கு அந்தப் படம் ஒரு மருந்து. இருக்கட்டும். ஆனால் இன்னும் ஐம்பது வருடம் கழித்து அதை எடுத்துப் பார்க்கிற கொள்ளுப்பேரனுக்கு நம்மில் ஒருவரும் பக்கத்தில் இருந்து சொல்லப் போவதில்லை. அப்பா இல்லாமல் அந்த வீடு அந்தக் கல்யாணத்தை எப்படி நடத்தியது, மகன் அன்று யாரைத் தேடினான் என்ற கதை முழுவதையும் அந்த ஒரு படம் அழித்துவிடும். கால்வாய்த் தண்ணீரில் ஆளை மறைத்தவன் செய்ததை, இங்கே பாசம் தலைகீழாகச் செய்துவிடும்.

ஆகவே பெரியவர்களே, குழந்தைகள் மீனை ஆகாயத்தில் நீந்தவிட்டால் திட்டாதீர்கள். நிழல் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். திட்டுவதற்குத் தெம்பு மிச்சமிருந்தால், ஆதாரம் கேட்காமல் படம் அனுப்புகிறவரைத் திட்டுங்கள். வீட்டில் அப்பாவையோ அம்மாவையோ சேர்த்துச் செய்த படம் இருந்தால், இன்றைக்கே சட்டத்திலிருந்து கழற்றி, பின்பக்கம் பேனாவால் ஒரு வரி எழுதுங்கள்: "இந்தக் கல்யாணத்துக்கு அப்பா இல்லை. இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டோம்." தேதியும் போடுங்கள்.

அந்த ஒரு வரி இருந்தால் அது புனைவு. இல்லாவிட்டால், எவ்வளவு அன்போடு செய்திருந்தாலும், பொய்தான்.