நம்பர் பிளேட் யாருக்காக?

காந்திபுரம் சிக்னலில் பத்து நிமிடம் நின்றால் போதும், கூத்து புரிந்துவிடும். ஒரு பைக்கின் பின்னால் தலைவர் படம், அதற்குக் கீழே எறும்பு சைஸில் நம்பர். அடுத்த காரில் சாதிச் சங்க முத்திரை. இன்னொன்றில் 8055-ஐ வளைத்து நெளித்து, ஆங்கிலத்தில் 'பாஸ்' என்று படிக்க வைத்திருக்கிறார்கள். சிவப்பு எழுத்தில் 'ஜி' போட்ட வண்டியை ஓட்டுபவர் அரசு ஊழியரின் மச்சானாக இருப்பார். கூட்டுத்தொகை எட்டு வரக்கூடாது என்று ஜோசியரிடம் ஓடி, காசு கட்டி நம்பர் வாங்குகிறவர்கள்தான் அதை யாரும் படிக்க முடியாதபடி எழுதி வைக்கிறார்கள். என்ன கணக்கோ!

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலையில் அமலுக்கு வந்தபோதுதான் இன்றைய 'டிஎன்' பிறந்தது. கோவை தெற்குக்கு 37, வடக்குக்கு 38. வண்டி பெருகப் பெருக மத்திக்கு 66, மேற்குக்கு 99 என்று வந்தன. மேட்டுப்பாளையம் 40, பொள்ளாச்சி 41, ஈரோடு 33. நாமக்கல் லாரியின் 28 வடநாட்டு நெடுஞ்சாலையிலும் தெரிந்த நம்பர். அந்த நம்பரில் ஊர்ப்பெருமை கொள்வதில் தப்பில்லை. ஆனால் அது பெருமைக்காகக் கொடுக்கப்பட்டதல்ல.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 50-உம் 51-உம் எல்லாவற்றையும் அளந்தே சொல்கின்றன. பைக்கின் பின்பக்கம் எழுத்து 35 மில்லிமீட்டர், எண் 40 மில்லிமீட்டர் உயரம். கார், லாரிக்கு 65. சொந்த வண்டிக்கு வெள்ளையில் கறுப்பு, வாடகை வண்டிக்கு மஞ்சளில் கறுப்பு. 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளுக்குக் கம்பெனியே ஹாலோகிராம் வைத்த தகட்டை மாட்டித் தருகிறது. அதையும் கழற்றிப் போட்டுவிட்டு ஸ்டிக்கர் கடைக்குப் போகிறார்கள்.

"என் வண்டி, என் இஷ்டம்" என்பார்கள். வண்டி உங்களுடையதுதான், நம்பர் உங்களுடையதல்ல. அது ரோட்டில் அடிபட்டுக் கிடப்பவனுடையது.

அவிநாசி ரோட்டில் ராத்திரி ஒரு பைக் ஒரு கூலித் தொழிலாளியை இடித்துவிட்டுப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "நம்பர் பாத்தீங்களாங்க?" "இல்லைங்க, தலைவர் படந்தானுங்க தெரிஞ்சுது." முடிந்தது கதை. வண்டி அடையாளம் தெரிந்தால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். செத்தவரின் வயது, வருமானம், அவரை நம்பியிருப்பவர்கள் எத்தனை பேர் என்றெல்லாம் கணக்குப் போட்டு, இன்சூரன்ஸ் இருந்தால் அந்தக் கம்பெனியிடமிருந்து வாங்கித் தருவார்கள். அடையாளம் தெரியாவிட்டால்? சட்டத்தின் 161-ஆம் பிரிவுப்படி உயிருக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50 ஆயிரம், அவ்வளவுதான். இதுவும் 2022 ஏப்ரலில் உயர்த்திய தொகை. அதற்கு முன் 25 ஆயிரமும் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறும்! ஒருவருடைய ஸ்டைலுக்கு இன்னொரு குடும்பம் பல லட்சத்தை இழக்கிறது.

தமிழில் எழுதினால் என்ன தப்பு என்று கேட்பவர்களின் கோபம் நியாயமானது. தாய்மொழியில் எழுதியதற்கு அபராதம் என்றால் யாருக்கும் வலிக்கும். ஆனால் விதி ஆங்கில எழுத்து என்கிறது, திருச்செங்கோட்டு போர்வெல் லாரி ஒடிசாவில் யாரையாவது இடித்தால் அங்கிருப்பவன் படிக்க வேண்டும். பிளேட்டை விட்டுவிட்டு வண்டி முழுக்கத் தமிழில் எழுதிக்கொள்ளட்டும், யார் தடுத்தது?

2024 மே மாதம் சென்னை போலீஸ் பிளேட்டிலிருக்கும் ஸ்டிக்கர்களைப் பிடிக்க ஆரம்பித்தபோது ஏக சத்தம். கோவையிலும் அதே வேலை நடக்கட்டும். ஆனால் 500 ரூபாய் அபராதத்தை வேலைக்குப் போகும் பையனிடம் வசூலித்துவிட்டு, கொடி கட்டிய காரை சல்யூட் அடித்து அனுப்புவதாக இருந்தால் வேண்டாம். கொடி கட்டிய காரிலிருந்தே ஆரம்பிக்கட்டும். அப்படியே அந்த பிளேட்டை எழுதிக் கொடுத்த கடைக்கும் ஒரு எட்டு போய் வரட்டும்.