கடை இன்டர்காமில் 108 அடித்தால் ஆம்புலன்ஸ் வருமா?

தூத்துக்குடியில் தீபாவளிக் கூட்டம். ஜவுளிக்கடை மூணாவது மாடியில் ஒரு சேலைக்கு விலைச்சீட்டைக் காணோம். ஊழியர் சுவர் போனை எடுத்து மூன்று நம்பர் தட்டுகிறார். கீழே பில் கவுன்டரில் மணி அடிக்கிறது. சிக்னல் வேண்டாம், காசும் கிடையாது.

எல்லா மாடி போன்களின் ஒயரும் இபிஏபிஎக்ஸ் என்ற ஒரு பெட்டிக்குப் போகும். கடைக்குள் பேசினால் அதுவே இணைத்துவிடும். வெளியே பேசத்தான் டெலிபோன் கம்பெனி லைன் வேண்டும்; அதைப் பிடிக்க பெரும்பாலும் முதலில் 0 அழுத்தணும். பில் எகிறாமலிருக்க பல போன்களில் அந்த 0-வையே பூட்டி வைப்பார்கள்.

சிக்கல் இங்கேதான். செல்போனை லாக்கரில் வைத்துவிட்டு வரச் சொல்லும் கடையில், ஒருவர் மயங்கி விழுந்தால் கைக்குக் கிடைப்பது இந்த போன்தான். பதற்றத்தில் 108 தட்டினால் பெட்டி அதை உள் எண்ணாக எடுத்துக்கொள்ளலாம். குடோன் எண் 108 என்றால், மணி குடோனில் அடிக்கும்!

அமெரிக்காவில் இது நடந்தேவிட்டது. 2013 டிசம்பரில் டெக்சாஸ் ஹோட்டல் அறையில் தாய் தாக்கப்பட்டபோது, 9 வயது மகள் நான்கு முறை 911 அடித்தும் போகவில்லை. முதலில் 9 அழுத்தணும் என்பது குழந்தைக்கு எப்படித் தெரியும்? தாய் இறந்தார். அவர் பெயரில் வந்த 'கரி சட்டம்' 2018-ல் கையெழுத்தானது. 2020 பிப்ரவரி 16-க்குப் பிறகு நிறுவும் பெட்டிகளில் 911 நேரடியாகப் போகணும். வரவேற்பு மேசைக்கும் தகவல் வரணும்.

இங்கே பல கடைகளில் புது மெஷின்கூட வேண்டாம். 108, 112 இரண்டையும் 0 இல்லாமல் வெளியே விடும்படி செட்டிங்கை மாற்றச் சொன்னால் போதும். கூடவே வாசல் கவுன்டரிலும் மணி அடிக்கட்டும். ஆம்புலன்ஸ்காரர் வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, எந்த மாடி?