கூச்சம் வேறு, நாணம் வேறு

தேர்ச்சி அறிக்கையில் ஆசிரியர் குறிப்புக்கென ஒரு சிறு கட்டம் உண்டு. வகுப்பில் வாய் திறவாத பிள்ளைக்கு அக்கட்டத்தில் நாம் எழுதும் தொடர் பெரும்பாலும் ஒன்றே: 'கூச்ச சுபாவம் உடையவர்.' (சுபாவம் என்பதற்கு 'இயல்பு' என்ற நல்ல தமிழ்ச்சொல் இருப்பது ஒருபுறம் இருக்கட்டும்.) முதலாம் ஆண்டில் எழுதியதை அடுத்த ஆண்டு ஆசிரியர் படிக்கிறார். அப்பிள்ளையிடம் கேள்வி கேட்பதைக் குறைத்துக்கொள்கிறார். ஆறாம் ஆண்டுக்குள் அது பிள்ளையின் இரண்டாவது பெயராகவே ஆகிவிடுகிறது.

கூச்சம் என்பது முதலில் உடம்பைப் பற்றிய சொல். வெயிலில் கண் கூசுகிறது. குளிர்ந்த நீர் பட்டால் பல் கூசுகிறது. உள்ளங்காலைத் தொட்டாலும் கூச்சம். தாங்கும் அளவுக்கு மேல் உணர்தலே எங்கும் பொருள். ஒளியை உணராத கண் கூசாது. ஆகவே, கூச்சப்படும் பிள்ளையிடம் ஏதோ குறை இருப்பதாக எண்ணுவது சொல்லின் பொருளுக்கே மாறானது. வகுப்பிலுள்ள அத்தனை கண்களும் தன்மேல் பதிவதை அது மற்ற பிள்ளைகளைவிட மிகுதியாக உணர்கிறது, அவ்வளவே.

நாணம் அவ்வாறன்று. தகாததைச் செய்ய உள்ளம் பின்வாங்குவதே நாணம். வள்ளுவர் 'நாணுடைமை' என 102ஆம் அதிகாரத்தில் அதனைச் சான்றோரின் சிறப்பாக வைக்கிறார். பலர்முன் பேச நடுங்குவதை அதில் சேர்க்கவில்லை. 'அவையஞ்சாமை' என்று 73ஆம் அதிகாரத்தில் தனியே பேசுகிறார். ஒன்று வளர்க்க வேண்டியது; மற்றது கடக்க வேண்டியது.

நாமோ இரண்டையும் 'வெட்கம்' என்ற ஒரே சொல்லில் போட்டுக் கலக்குகிறோம். வீட்டுப்பாடம் செய்யாதவனை, "உனக்கு வெட்கமாக இல்லையா?" என்று கேட்கிறோம். அடுத்த பாடவேளையில் கதை சொல்ல எழுந்தவன் நெளிந்தால், "வெட்கப்படாமல் பேசு" என்கிறோம். ஏழு வயதுப் பிள்ளை இவற்றுள் எதைக் கொள்ளும்?

பெண்பிள்ளைகள் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பேசாத பையனைக் கோழை என்று கேலி செய்கிறோம். பேசாத சிறுமியை 'அடக்கமானவள்' என்று பாராட்டுகிறோம். பாராட்டப்பட்ட மௌனத்தை விட்டு வெளியே வருவது கேலி செய்யப்பட்ட மௌனத்தை விடுவதைக் காட்டிலும் கடினம் என்பது என் கருத்து.

இன்னொன்று தயக்கம். வீட்டில் ஆங்கிலமோ மலாயோ பேசி வளர்ந்த பிள்ளை நம் வகுப்பில் சொல் தேடி நிற்கிறது. நம் பள்ளியில் ஓயாமல் பேசியவன் 13 வயதில் மலாய்வழித் தேசிய இடைநிலைப்பள்ளியில் அதே போல் நிற்கிறான். அது அவனுடைய இயல்பு அன்று. மொழிப் பயிற்சியின் குறைவு. அதற்கு மருந்து பயிற்சியே. "தைரியமாகப் பேசு" என்ற அறிவுரையால் ஒரு சொல்லும் புதிதாக வந்துவிடாது.

வீட்டில் நன்றாகப் பேசும் பிள்ளை, பள்ளி தொடங்கிய முதல் மாதத்தைக் கழித்தும், ஒரு மாதத்திற்கு மேலாகப் பள்ளியில் ஒரு சொல்லும் பேசவில்லை எனில் அதைக் கூச்சம் என்று ஒதுக்கிவிடலாகாது. அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இந்நிலைக்கு முன்பு இருந்த பெயர், பிள்ளை தானே விரும்பிப் பேச மறுக்கிறது என்ற பொருளைத் தந்தது. 1994இல் அப்பெயரை மாற்றினர். 2013இல் இதனைப் பதற்றம் சார்ந்த சிக்கல்களுள் சேர்த்தனர். நம்மிடையே இன்னும் இதற்கு 'பிடிவாதம்' என்றே பெயர். ஆலோசகரிடம் போக வேண்டிய பிள்ளை அச்சொல்லால் பிரம்படிக்கு உரியதாகிறது.

நம் பள்ளித் திடலின் ஓரத்தில் தொட்டாற்சிணுங்கி படர்ந்திருக்கும். மலாயில் அதற்குச் 'செமாலு' என்று பெயர். வெட்கத்தைக் குறிக்கும் 'மாலு' என்ற சொல்லோடு தொடர்புடையது. தொட்டதும் இலை மூடும். தொடாமல் விட்டால் சில நிமிடங்களில் தானே விரியும். விரிந்ததா என்று பார்க்க மறுபடியும் தொடுபவர்கள் நம்மில் அதிகம். கேள்வி கேட்ட பின் ஆசிரியர்கள் காத்திருக்கும் நேரம் ஏறத்தாழ 1 விநாடிதான் என்று 1970களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் எடுத்துக்காட்டினார். அதை 3 விநாடியாக நீட்டியபோது, வழக்கமாகப் பேசாத மாணவரும் விடை சொல்லத் தொடங்கினர். இதற்குத் தனி நிதியோ பயிலரங்கோ தேவையில்லை!

அறிக்கையில் நான் இப்போது இயல்பைக் குறிக்கும் சொல் எதையும் எழுதுவதில்லை, கண்டதை எழுதுகிறேன். 'சிற்றுண்டிச்சாலையில் தோழியரோடு கலகலப்பாகப் பேசுகிறார். இருவர் குழுவில் வாசிக்கிறார். சபைகூடலில் குரல் எழவில்லை.' கட்டம் போதவில்லை என்றால் பின்பக்கத்தில் தொடர்கிறேன்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். அறிக்கை வாங்க வரும் நாளில் பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "இவளுக்கு ரொம்ப வெட்கம், டீச்சர்" என்று தொடங்காதீர்கள். அவளை வெளியே விளையாட அனுப்பிவிட்டு, வீட்டில் அவள் யாரிடம், எதைப் பற்றி, எவ்வளவு நேரம் பேசுகிறாள் என்று சொல்லுங்கள். மறுநாள் வகுப்பில் அவளிடம் எதைக் கேட்பது என்று எனக்குத் தெரிந்துவிடும்.