கட்டட மேற்படிப்பும் களத்தின் தேவையும்

கட்டடம் எழுப்பும் கலை மிகப் பழமையானது. அதன் முழுச் செலவைக் கணக்கிடும் விஞ்ஞானமோ புதியது. செங்கல், சிமெண்டு, கூலி ஆகியவற்றுக்குக் கொடுக்கும் பணத்தையே நாம் கட்டடச் செலவு என்று எண்ணி வந்துள்ளோம். அப்பொருள்களைச் சுடுவதற்கும் ஏற்றிக் கொணர்வதற்கும் எரித்த எரிபொருள், கட்டி முடித்த பின்னர்ப் பல்லாண்டுகள் மின்விசிறிக்கும் குளிர்சாதனத்துக்கும் செல்லும் மின்சாரம், அன்றாடம் செலவாகும் நீர் ஆகிய அனைத்தும் அக்கணக்கில் சேர வேண்டியவையே. இச்செலவைக் குறைத்து, வசிப்போரின் உடல் நலத்தையும் பேணும் முறையை ஆராயும் துறைக்கு வளங்குன்றாக் கட்டட அமைப்பு என்று பெயர். நமது நாட்டில் எம். ஆர்க்., எம். டெக். முதலிய பட்டங்களுக்குரிய மேற்படிப்பாக இத்துறை கற்பிக்கப்படுகிறது. இது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், இப்பட்டம் பெறுபவர் எதனைச் செய்து காட்டியிருக்க வேண்டும் என்ற கேள்வி இன்னும் தெளிவாக எழுப்பப்படவில்லை. மக்கள் வசிக்கும் அல்லது பணிபுரியும் ஒரு கட்டடத்தை ஓராண்டுக் காலம் நேரில் அளந்தறியாத எவருக்கும் இப்பட்டத்தை வழங்கலாகாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இத்துறையின் வரலாறே இக்கருத்துக்கு அரண் செய்கிறது. ஜெர்மனியில் பிறந்த ஆட்டோ கோனிக்ஸ்பெர்கர் 1939-இல் மைசூர் சமஸ்தானத்தின் கட்டடக் கலைஞராகப் பணியேற்றார். 1948 முதல் 1951 வரை மத்திய சர்க்காரின் வீட்டு வசதித் துறை இயக்குநராக விளங்கினார். இங்கிலாந்தில் பயின்ற நைஜீரிய மாணவர் ஒருவரின் முயற்சியால் 1953-இல் லண்டனில் வெப்ப நாடுகளின் கட்டடக் கலையைப் பற்றிய மாநாடு கூடிற்று. மேனாட்டுக் கல்வி தம் நாட்டின் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்றதாக இல்லை என்பதே அவர் போன்றோரின் குறை. அதன் பயனாக 1954-இல் லண்டன் நகரக் கட்டடக் கலைப் பள்ளியில் வெப்ப மண்டலக் கட்டடக் கலைக்கென ஒரு தனிப் பிரிவு தோன்றிற்று. பின்னர் அதனைத் தலைமை தாங்கி வளர்த்தவர், நம் நாட்டில் அனுபவம் பெற்ற கோனிக்ஸ்பெர்கரே ஆவார். களத்தில் எழுந்த கேள்விக்கு விடை தேடும் முயற்சியிலேயே இம்மேற்படிப்பு பிறந்தது என்பதை நாம் மறத்தல் ஆகாது.

நம் நாட்டிலும் நற்பயன் தந்த ஆராய்ச்சிகள் களத்தையே பற்றி நின்றன. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 1974-இல் தொடங்கிய ‘அஸ்திரா’ என்னும் கிராமியத் தொழில் நுட்பப் பிரிவு, மண்ணுடன் சிறிதளவு சிமெண்டைச் சேர்த்துப் பொறியில் அழுத்திக் கட்டியாக்கும் முறையை ஆராய்ந்து பரப்பிற்று. இக்கட்டிகளுக்குச் சூளை வேண்டுவதில்லை. ஆதலின் விறகும் நிலக்கரியும் மிச்சமாகின்றன. கேரளத்தில் பணிபுரிந்த லாரி பேக்கர், செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் ‘ராட் டிராப்’ முறையை நாடறியச் செய்தார். இம்முறையில் செங்கல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைகிறது. சுவரினுள் அடைபட்ட காற்று வெப்பத்தையும் தடுக்கிறது. கொத்தனாருடன் நின்று, அவர் கையால் கட்டக்கூடியது எது என்று கண்டறிந்ததன் பயன் இது.

கட்டடத்தை அளந்தால் மட்டும் போதாது. அதனுள் இருக்கும் மனிதரின் உணர்வையும் கேட்டறிய வேண்டும். எந்த உஷ்ண நிலை மனிதருக்கு இதமானது என்பதற்கு, டென்மார்க்கிலும் அமெரிக்காவிலும் ஆராய்ச்சி அறைகளில் கண்ட முடிவுகளையே உலகம் நெடுங்காலம் அளவுகோலாகக் கொண்டிருந்தது. ஆமதாபாத்தின் செப்ட் பல்கலைக் கழகத்தார் நம் நாட்டின் 5 நகரங்களில் 16 அலுவலகக் கட்டடங்களுக்குச் சென்று, பணிபுரிவோரைப் பருவந்தோறும் வினவி, 6,000-க்கு மேற்பட்ட விடைகளைத் திரட்டினர். இயற்கைக் காற்றோட்டம் உள்ள கட்டடங்களில் இருப்போர், வெளியே வெப்பம் கூடும்போது உள்ளேயும் சற்றுக் கூடுதலான வெப்பத்தை இதமாகவே ஏற்கின்றனர் என்பது புலனாயிற்று. 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித் தொகுப்பில் இம்முடிவு இடம் பெற்றது. மேசையருகே அமர்ந்து இதனைக் கண்டிருக்க இயலாது.

இன்றைய மாணவர் கணிப்பொறியின் துணையால் ஒரு கட்டடத்தின் ஆண்டு முழுமைக்குமான வெப்பப் போக்கைச் சில மணி நேரத்தில் கணித்து விடுகிறார். அத்திறமை வேண்டுவதே. ஆனால், சன்னல்கள் மாலையில் திறந்திருக்கும் என்று கணக்குக் கொள்கிறது. கொசுவுக்கு அஞ்சிக் குடும்பத்தார் அவற்றை மூடி விடுகின்றனர். மொட்டை மாடியில் பூசிய வெண்மை என்றும் மாறாதிருக்கும் என்று கணக்குக் கொள்கிறது. புழுதியும் பாசியும் இரண்டு பருவங்களில் அதனைக் கறுக்கச் செய்கின்றன. கணக்குக்கும் நடப்புக்கும் உள்ள இவ்விடைவெளியைக் கண்ணால் காணாதவர், தம் கணக்கையே உண்மையென நம்பிவிடுவார்.

கூரையை எடுத்துக் கொள்வோம். மேற்பூச்சின்றி 15 சென்டிமீட்டர் கனமுள்ள காங்கிரீட்டுத் தளத்தில், உள்ளுக்கும் வெளிக்கும் 1 டிகிரி வேறுபாடு இருப்பின், ஒவ்வொரு சதுர மீட்டர் வழியாகவும் 3 வாட்டுக்கு மேல் வெப்பம் இறங்குகிறது. குடியிருப்புகளுக்காக 2018-இல் வெளியான ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ விதித் தொகுப்பு, இது 1.2 வாட்டுக்கு மேற்படலாகாது என வரையறுத்தது. ஆனால் அவ்விதி 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கென வகுக்கப்பட்டது. கிராம வீட்டு வசதித் திட்டத்தின்படி எழும் வீட்டின் குறைந்த அளவோ 25 சதுர மீட்டர். அச்சிறு வீட்டைச் சட்டம் காக்கவில்லை. கட்டுபவரின் அறிவே காக்க வேண்டும். அவ்வறிவை அங்குக் கொண்டு சேர்ப்பதற்கே மேற்படிப்புப் பயன்பட வேண்டும்.

ஆதலின், இரண்டாண்டுப் படிப்பில் ஒவ்வொரு மாணவரும் ஒரு பள்ளியையோ, ஆரம்ப சுகாதார நிலையத்தையோ, சிறு வீட்டையோ தெரிந்தெடுத்துக் கோடை, மழை, பனி ஆகிய பருவங்கள் அனைத்திலும் அளத்தல் வேண்டும். தளத்தின் அடிப்பகுதி உஷ்ணம், அறைக் காற்றின் உஷ்ணம், ஈரப்பதம், பகல் வெளிச்சம், மின்சாரச் செலவு, நீர்ச் செலவு ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். கட்டிய கொத்தனாரையும் வசிப்போரையும் வினவுதல் வேண்டும். முடிவைப் பல்கலைக் கழகத்துக்கு அளிப்பதோடு, அவ்வூர் மக்களின் மொழியில் சுருக்கி எழுதிப் பஞ்சாயத்துக்கும் கொத்தனாருக்கும் கொடுத்தல் வேண்டும்.

இரண்டாண்டில் இதற்கு நேரம் ஏது என்பர் சிலர். அளவு கருவியை முதற்பருவத்திலேயே பொருத்தி விட்டால், வகுப்புகள் நடைபெறும்போதே குறிப்புகளும் சேர்ந்து வரும். கருவிக்குப் பணம் ஏது என்பர். உஷ்ணத்தையும் ஈரத்தையும் தாமே பதிவு செய்யும் சிறு கருவிகள் இன்று ஆய்வுக் கூடங்களின் பெருங்கருவிகளை நோக்க மிக மலிவானவை. பட்டம் பெற்றவருக்கு வேலை நகரத்துப் பெருங்கட்டடங்களில்தானே என்று கேட்போரும் உளர். உண்மைதான், ஆனால் தாம் கணித்ததை அளந்து சரிபார்க்கக் கற்றவர் அங்கும் சிறந்த பணியே ஆற்றுவார்.

பழைய முறைகள் யாவும் நன்று என்று கொண்டு, அளவின்றிப் போற்றுவதும் தவறே. 2001-ஆம் ஆண்டு ஜனவரி 26-இல் கட்ச் பகுதியை உலுக்கிய பூகம்பத்தில், ‘பூங்கா’ எனப்படும் வட்ட வடிவ வீடுகள் பல நிலைத்து நின்றன. மண் சாந்தில் கல்லை அடுக்கிய கனத்த சுவர்களோ பெருமளவில் சரிந்து உயிர்களைப் பறித்தன. இரண்டும் அவ்வட்டாரத்தின் வழக்கமான கட்டட முறைகளே. எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்பதை ஆராய்ச்சியே உணர்த்த வல்லது.

களப் பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும் இதில் பெரும் பங்கு உண்டு. எந்தக் கட்டடம் வெயிலில் தகிக்கிறது, எது ஒழுகுகிறது என்பதை நன்கறிந்தவர்கள் அவர்களே. கொத்தனாரும் குடும்பத்தாரும் நம்பிப் பேசுவதும் அவர்களிடமே. அருகிலுள்ள கல்லூரிக்கு எழுதி, எங்கள் பள்ளியை அளந்து பாருங்கள் என்று அழைக்கலாம். மாணவர் வரும்வரை காத்திருக்கவும் வேண்டுவதில்லை. வகுப்பறைச் சுவரில் ஒரு வெப்பமானியை மாட்டி, காலை 10 மணிக்கும் பகல் 2 மணிக்கும் சிறுவர்களைக் கொண்டே குறித்து வரச் செய்யலாம். ஓராண்டு நிறைந்ததும் அக்குறிப்பேடு ஒரு நல்ல விஞ்ஞானப் பாடமாக அமையும். பள்ளிக்குப் புதுக் கூரை வேண்டுமெனக் கேட்கும்போது தக்க சான்றாகவும் விளங்கும். அத்தகைய குறிப்பேடுகள் ஊர்தோறும் பெருகுமாயின், பல்கலைக் கழகங்கள் களத்தை நோக்கி வந்தே தீரும்.