ஜன்னல் அதிர்ந்தா நல்ல பேஸா? சப்வூஃபர் வாங்கும் முன் யோசிக்க வேண்டியது!

மாதத் தவணையில் 12 இன்ச் சப்வூஃபர் வீட்டுக்கு வந்து இறங்குகிறது. டிவிக்குப் பக்கத்தில் காலியாக இருக்கும் மூலையில் வைத்து, பாட்டைப் போட்டால் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. முதல் நாள் செம சந்தோஷம். ஒரு வாரம் போனதும் ஏதோ உறுத்த ஆரம்பிக்கும். கடையில் 'டப் டப்'னு நறுக்காகக் கேட்ட டிரம், வீட்டில் 'தொம்ம்ம்'னு இழுக்கிறது. படத்தில் வசனம் அமுங்கிப்போகிறது. கீழ் வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிறார்.

"இது பத்தாது, இன்னும் பெரிசா வாங்கணும்" என்பதுதான் பலருக்கும் உடனே தோன்றும் முடிவு. தப்பு அங்கேதான் தொடங்குகிறது. குறை பெரும்பாலும் பெட்டியில் இல்லை. அதை வைத்திருக்கும் இடத்தில் இருக்கிறது.

அறை என்ன செய்கிறது?

ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர் பயணிக்கும். அதன்படி 40 ஹெர்ட்ஸ் பேஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 28 அடி. ஃபிளாட்டில் இருக்கும் அறையோ 12க்கு 10 அடி. இவ்வளவு நீளமான அலை எதிரெதிர் சுவர்களில் மோதித் திரும்பி, சில இடங்களில் கூடும். சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 12 அடி நீளத்துக்கு 47 ஹெர்ட்ஸிலும், 10 அடி அகலத்துக்கு 56 ஹெர்ட்ஸிலும் அறை தானாகவே முழங்கத் தொடங்கும். கூரை உயரமும் 10 அடி என்றால் 56 ஹெர்ட்ஸில் இரட்டைத் தொல்லை.

செங்கல், காங்கிரீட் சுவர்கள் பேஸை உறிஞ்சுவதில்லை. அப்படியே திருப்பி அனுப்பும். அதனால் டிரம் அடி நின்ற பிறகும் அறை முழங்கிக்கொண்டே இருக்கும். அந்த மிச்ச முழக்கத்தின் மேல் அடுத்த அடி வந்து விழும். காது இதைத்தான் 'ஸ்லோ பேஸ்' என்கிறது.

'ஃபாஸ்ட் பேஸ்' என்றால் என்ன?

40 ஹெர்ட்ஸ் ஒலி ஒரு முறை அதிர்ந்து முடிய 25 மில்லி விநாடி ஆகும். எவ்வளவு விலை கொடுத்தாலும் அதை வேகப்படுத்த முடியாது. நிற்க வேண்டிய நேரத்தில் சத்தம் நிற்கிறதா என்பதுதான் 'வேகம்'.

இன்னொன்றும் உண்டு. டிரம் அடியில் 'டக்' என்ற கூர்மை மெயின் ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. சப்வூஃபர் தருவது அடியில் இருக்கும் 'தம்' மட்டும்தான். இரண்டும் சேர்ந்து காதுக்கு வந்தால்தான் அடி நறுக்கென்று இருக்கும்.

எங்கே வைக்கலாம்?

மூலையில் வைத்தால் அறையின் எல்லா முழக்கங்களும் ஒன்றாகக் கிளம்பும். சத்தம் கூடும், சுத்தம் குறையும். காசே செலவாகாத ஒரு வழி இருக்கிறது. சப்வூஃபரைத் தூக்கி, உட்காரும் சோபாவின் மேலேயே வைக்க வேண்டும். பேஸ் கிட்டார் தனியாகத் தெரியும் ஒரு பாட்டை ஓடவிட்டு, சுவர் ஓரமாக முட்டி போட்டு நகர்ந்து கேட்க வேண்டும். ஒரு ஸ்வரம் மட்டும் துருத்திக்கொண்டு கேட்காமல், எல்லாம் ஒரே அளவில் கேட்கும் இடம் எதுவோ, அதுதான் சப்வூஃபரின் இடம். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை.

சோபாவையும் கவனிக்க வேண்டும். பின்சுவரை ஒட்டி இருந்தால் பேஸ் குவியும். அறையின் நட்டநடுவில் இருந்தால் அந்த 47 ஹெர்ட்ஸ் காணாமலே போகும். ஏதாவது ஒரு சுவரிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளிப் போட்டுப் பார்க்கலாம்.

அடுத்தது செட்டிங். கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் தொடங்கலாம். ஃபேஸ் ஸ்விட்சை 0, 180 என மாற்றி, உட்காரும் இடத்தில் எதில் அடி நிறைவாகக் கேட்கிறதோ அதை வைத்துக்கொள்ளலாம். சுவரில் ஒட்டும் ஒரு இன்ச் ஃபோமால் பேஸுக்கு எந்தப் பயனும் இல்லை. ஈக்வலைசர் எகிறும் ஒலியைக் குறைக்கும். அறை விழுங்கிவிட்ட ஒலியை மீட்டுத் தராது.

எதை வாங்கலாம்?

பாட்டுதான் முக்கியம், அறையும் சின்னது என்றால், துளை இல்லாத சீல்டு பெட்டி நல்லது. போர்ட்டட் பெட்டி இன்னும் கீழே, இன்னும் சத்தமாகப் போகும். ஆனால் அடி நின்ற பிறகும் சற்று இழுக்கும். பெரிய ஹால், ஆக்‌ஷன் படம் என்று இருப்பவர்களுக்குப் பெரிய போர்ட்டட் சப்வூஃபர் நியாயமான தேர்வுதான்.

பட்ஜெட் இன்னும் இருந்தால், ஒரு பெரிய பெட்டிக்குப் பதில் ஒரே மாதிரி இரண்டு சிறிய பெட்டிகள் வாங்குவதே புத்திசாலித்தனம். எதிரெதிர் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்றாக வைத்தால், அந்தத் திசையில் அறை எழுப்பும் முதல் முழக்கத்தை இரண்டும் சேர்ந்து அடக்கிவிடும். ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002இல் வெளியிட்ட ஆய்வு, பல சப்வூஃபர்களைச் சரியாக வைத்தால் எல்லா இருக்கைகளிலும் பேஸ் சீராகும் என்று காட்டியது.

கீழ் வீட்டுக்காரருக்கும் காது உண்டு

பேஸ் சுவரைத் தாண்டும். அடியில் ரப்பர் பேட் வைத்தால் தரையின் அதிர்வு குறையும்; காற்றில் போகும் சத்தம் குறையாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை குடியிருப்புப் பகுதிக்கான ஒலி வரம்பு 45 டெசிபல் என்கின்றன 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். சீரான பேஸுக்கு வால்யூமைக் கூட்ட வேண்டிய அவசியமே குறைவு. துருத்தும் அந்த ஒரு முழக்கம் அடங்கினாலே அக்கம்பக்கத்துக்குப் பாதி நிம்மதி.

அடுத்த தவணையில் கையெழுத்துப் போடும் முன், இருக்கிற பெட்டியை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நகர்த்திப் பார்த்துவிடலாம். அதற்குப் பிறகும் பத்தவில்லை என்றால், அப்போது வாங்கிக்கொள்ளலாம்.