ரோட்டுக்கும் சோர்வு வரும்... மருந்து மதுரையில் இருக்கு!

ஒரு பஸ் போனா ரோடு உடையாது. ஆயிரக்கணக்கான வண்டிகள் திரும்பத் திரும்ப அழுத்தும்போதுதான் தாரில் மெல்லிய விரிசல் விழும். அதில் மழைத்தண்ணி இறங்கினால் ஜல்லி பெயர்ந்து பள்ளமாகும்.

இதற்கு வழி சொன்னது நம்ம மதுரைதான். தியாகராஜர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன், பிளாஸ்டிக் கழிவைத் துண்டுதுண்டாக்கி, சுமார் 160 டிகிரி சூட்டில் உள்ள ஜல்லி மீது தூவினார். அது உருகிக் கல்லைப் போர்த்தியது. தாரின் பிடிப்பு கூடியது, தண்ணி இறங்குவது குறைந்தது. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஆனால், கண்டதையும் கொட்டக் கூடாது. பி.வி.சி. கலந்தால் நச்சுப்புகை வரும். எனவே, குப்பையை வீட்டிலேயே பிரிப்பது நம்ம வேலை. புது ரோட்டில் என்ன, எவ்வளவு கலந்தார்கள் என்று பலகையில் எழுதி வைப்பது மாநகராட்சியின் வேலை. எழுதலைன்னா, கேட்போம்!