மரத்திலா, பானையிலா?

சீத்தாப்பழத்தை விரும்பாதார் நம் நேயர்களில் மிகச் சிலரே இருப்பர். அதற்கு மூத்த சகோதரி என்று சொல்லத்தக்க ஒரு பழம் ஸ்பெயின் தேசத்தில் உண்டு. பெயர் செரிமோயா. பிறந்தகம் அமெரிக்கக் கண்டத்து மலைநாடுகள். புகுந்தகம் கிரானடா மாகாணத்துக் கடற்கரை. மோட்ரில், அல்முன்யேகார் முதலிய ஊர்களைச் சூழ்ந்த பள்ளத்தாக்குகளில் அது ஏராளமாக விளைகிறது.

இப்பழத்தை மரத்திலேயே கனியவிட்டுச் சந்தைக்கு அனுப்புவது நடவாத காரியம். கனிந்தால் தோல் வெடிக்கும். அல்லது தரையில் விழும். ஆகவே குடியானவர், அது கல்லைப்போல் இருக்கும்போதே காம்பை ஒட்டக் கத்தரித்து எடுக்கிறார். காம்பு சற்று நீண்டிருந்தாலும் பக்கத்துப் பழத்தின் மெல்லிய தோலைக் குத்திக் கெடுத்துவிடும். எந்த நாளில் கத்தரிப்பது என்பதில்தான் அவருடைய ஒரு வருஷத்து உழைப்பு அடங்கியிருக்கிறது. முன்கூட்டிப் பறித்த காய் பழுப்பதுபோல் பாசாங்கு செய்யும்; மெத்தென்றாகும், இனிப்பு ஏறாது. தோலின் கரும்பச்சை வெளுத்து, இளமஞ்சள் கலந்த பச்சையாகும் நாளே தக்க நாள்.

பறிப்புக் காலம் அக்டோபரில் தொடங்கி ஜனவரி வரையில் நீடிக்கிறது. மாதத்தைப் பொறுத்துக் கனியும் விதமும் மாறும். அக்டோபரில் உஷ்ணம் முற்றும் தணிந்திராது. அப்போது முதிர்ந்த காய் மரத்தில் காத்திராது. பறித்த சில தினங்களில் கனிந்து, விரைவிலேயே கெட்டும் போகும். பிந்திய மாதங்களின் குளிரிலோ காய் மெல்ல முதிரும்; சில காலம் மரத்திலேயே பொறுத்திருக்கும். ஆனால் குளிர் எல்லை மீறினால் அதுவே சத்துரு.

காரணம் இது: பறித்த செரிமோயா உயிரற்ற பொருளன்று, அது சுவாசிக்கிறது. சுவாசம் மிகும்போது எதிலீன் என்னும் வாயு உள்ளிருந்தே பிறக்கிறது, மாவு சர்க்கரையாகிறது, சதை இளகுகிறது. சுமார் 20 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் இவையாவும் ஒரு வாரத்திற்குள் முடிந்துவிடும். 8 டிகிரிக்குக் கீழே நெடுநாள் வைத்தாலோ தோல் கறுத்துவிடும். பிறகு வெதுவெதுப்பான அறைக்குக் கொணர்ந்தாலும் அது செவ்வனே பழுப்பதில்லை.

பருவத்தையே சற்று நகர்த்தும் சாமர்த்தியசாலிகளும் அங்கு உண்டு. கோடையில் கிளை நுனிகளைக் கத்தரித்தால் பூப்பு தாமதமாகும். பழமும் வசந்தகாலத்துக்கு ஒத்திப்போகும். அத்துடன் வேலை தீர்வதில்லை. செரிமோயா மலர் முதலில் பெண்ணாக விரிந்து, மறுநாள் மாலையில் ஆணாக மாறும் விசித்திரப் பிறவி. தன் மகரந்தம் தனக்கே உதவாது. ஆகவே மகரந்தத்தைச் சேகரித்து, தூரிகையால் பூப்பூவாக மனிதனே இட வேண்டியிருக்கிறது. அரைகுறையாக இட்டால் பழம் கோணிப்போகும். இத்தனை தூது நடந்தபின் அப்பழத்திற்கு அவர்கள் கேட்கும் விலை அதிகமென்று நமக்குத் தோன்றவில்லை.

நம் சீத்தாவும் குணத்தில் தமக்கையை ஒத்ததே. அங்காடியில் வாங்கும்போது கண்கள் நன்றாக விரிந்து, இடைவெளியில் வெளிர்மஞ்சள் தெரிகிறதா என்று பாருங்கள். கண் விரியாத பிஞ்சை அரிசிப் பானையில் எத்தனை நாள் புதைத்தாலும் கறுத்துச் சுருங்குவதே மிச்சம். பழக்காரி 'நாளைக்கே பழுத்துவிடும்' என்று சத்தியம் செய்தாலும் நம்ப வேண்டாம். முதிர்ந்த காயை வாங்கி வந்ததும் குளிர்ப்பெட்டியில் வைப்பதும் தவறு. கனியும் வரையில் அதற்குச் சமையலறை மூலையே போதும். கனிந்தபின் ஓரிரு நாள் குளிரில் இருக்கலாம், குழந்தைகள் அதுவரையில் விட்டு வைத்தால்.